மாட்டுங்காவில் ஒரு நிறைந்த வீடு: பரம்பரைப் பொருட்களும் அடர்ந்த நிறமும் மும்பை ஓதமும்

பின்னணி

மும்பை மாட்டுங்கா கிழக்கில், ஃபைவ் கார்டன்ஸ் பூங்காக்களிலிருந்து நடந்து போகிற தூரத்தில், 1940-களில் கட்டிய ஒரு மூன்று மாடிக் கட்டடம். அதன் இரண்டாவது மாடியில் சுமார் 850 சதுர அடி கார்ப்பெட் ஏரியா கொண்ட வீடு: ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை, கூரை உயரம் 11 அடி. எழுபதை நெருங்கும் மாமி, வங்கியில் வேலை பார்க்கும் மகன், துணி ஏற்றுமதி நிறுவனத்தில் இருக்கும் மருமகள், ஆறாம் வகுப்புப் பேத்தி என நான்கு பேர் இருக்கிறார்கள். உள் அலங்கார வேலைக்காக என்னை அழைத்தவர் மருமகள்.

அழைப்புக்குக் காரணம் ஒரு லாரிச் சுமை. கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த பூர்வீக வீட்டை விற்றபோது அங்கிருந்த பொருட்களை மாமி மும்பைக்கே கொண்டுவந்துவிட்டார். மூன்று தஞ்சாவூர் ஓவியங்கள், நான்கு ரவிவர்மா அச்சுப் படங்கள், தேக்கு ஊஞ்சல் பலகையும் அதன் பித்தளைச் சங்கிலிகளும், குத்துவிளக்குகள், தவலை, கூஜா, அடுக்குப் பாத்திரங்கள், பெரிய பீங்கான் தட்டுகள், ஊறுகாய் ஜாடிகள், கண்ணாடிக் கதவு வைத்த ஈட்டிமர பீரோ, கொலு பொம்மைகள் அடைத்த இரண்டு டிரங்குப் பெட்டிகள். நான் முதலில் போனபோது ஹாலில் பாதி இடத்தைச் சணல் சாக்கும் அட்டைப் பெட்டியும் பிடித்திருந்தன. பேத்தி டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

மூவருக்கும் மூன்று விருப்பம். எதையும் விற்கக் கூடாது, லாஃப்டில் போட்டு மறக்கவும் கூடாது என்பது மாமியின் நிபந்தனை. மருமகளுக்கு மேக்ஸிமலிசம் என்று இப்போது சொல்லப்படும் பாணி பிடிக்கும். அடர்ந்த நிறச் சுவர், கலந்த வடிவத் துணிகள், சுவர் நிறையப் படங்கள், எங்கு பார்த்தாலும் கண்ணுக்கு வேலை. மகனுக்கு நேர்மாறான ஆசை. ஆபீஸிலிருந்து வந்தால் வெள்ளைச் சுவரும் காலியான ஹாலும் வேண்டும் என்றார்.

மருமகள் கேட்ட நிறைந்த பாணிக்கு மேற்கில் ஒரு பழைய வரலாறு உண்டு. 19-ஆம் நூற்றாண்டு விக்டோரியா காலத்து இங்கிலாந்து அறைகள், வில்லியம் மாரிஸ் வரைந்த இலை, பூ, பறவைச் சுவர்க்காகிதங்கள், 1981-இல் மிலானில் எத்தோரே சோட்சாஸ் முன்னின்று நடத்திய மெம்ஃபிஸ் குழுவின் கண்ணைப் பறிக்கும் மேசை நாற்காலிகள் என்று அது நீளும். ஆனால் தமிழ் வீட்டுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம். செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடித் தரை எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன, இருந்தும் மூச்சு முட்டுவதில்லை. ஒரே தூண் வரிசையாகத் திரும்பத் திரும்ப வருவதும், நடுவில் முற்றம் திறந்திருப்பதும்தான் அதற்குக் காரணம். அடுக்குமாடி வீட்டில் முற்றம் கிடையாது. அப்படியானால் அந்த வேலையை இங்கே எது செய்யும்? இந்த ஆய்வில் வரும் பல முடிவுகள் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை.

ஏப்ரலில் கண்டவை

பொருட்களைத் தொடுவதற்கு முன் வீட்டைப் பார்த்தேன். மும்பையில் தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கிச் செப்டம்பர் வரை நீடிக்கும், ஜூலையில்தான் கொட்டித் தீர்க்கும். காற்றோடு வரும் சாரல் மேற்கு, தெற்குச் சுவர்களில் அறையும். ஹாலின் மேற்குச் சுவர் வெளிச்சுவர். ஏப்ரல் வெயிலிலேயே அதன் அடிப்பகுதியில் இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. பெயின்ட் கொப்பளித்து, விரலால் தட்டினால் வெள்ளைத் தூளாக உதிர்ந்தது.

ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்று தெரிய ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் போட்டு அடைத்துவிட்டு இரண்டு நாள் விட வேண்டும். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது காற்றின் ஈரம். மேற்குச் சுவரில் மூன்று இடத்தில் ஒட்டினேன், மூன்றிலும் உள்பக்கமே நனைந்திருந்தது. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவிலுள்ள உள்சுவரில் ஒட்டிய தாள் இரு பக்கமும் காய்ந்திருந்தது.

வெளிப்பூச்சில் விரிசல் இருந்தது. அதைச் சரிசெய்வது சொசைட்டியின், அதாவது கட்டடத்து வீட்டுக்காரர்கள் சங்கத்தின் பொறுப்பு. சாரம் கட்டி மொத்தக் கட்டடத்துக்கும் சேர்த்துத்தான் செய்வோம், இந்த மழைக்கு முன் முடியாது என்று பதில் வந்தது. ஆகவே, ஈரமான ஒரு சுவரோடு குறைந்தது ஒரு மழைக்காலத்தைத் தாண்ட வேண்டும் என்பதைத் திட்டத்தின் முதல் வரியாக எழுதிக்கொண்டேன்.

வெளிச்சம் அடுத்தது. ஹாலுக்குக் கிழக்கில் ஒரு பெரிய ஜன்னல், மேற்கில் சிறியது ஒன்று. எதிர்க் கட்டடம் மிகப் பக்கத்தில் இருப்பதால் காலை பதினோரு மணிக்கு மேல் நேர் வெயில் இல்லை. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதம் அளவுக்குத் திருப்பித் தரும். மருமகள் விரும்பிய பாட்டில் பச்சை 10 சதவீதம் தந்தால் அதிகம். பகலிலேயே விளக்குப் போடும்படி ஆகிவிடக் கூடாது என்று அப்போதே பேசிக்கொண்டோம்.

பொருட்களைப் பரப்பிப் பார்த்தது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பெட்டியையும் பிரித்து, பழைய புடவைகளை விரித்து, அதன்மேல் எல்லாவற்றையும் பரப்பினோம். வீட்டில் நான்கு பேருக்கும் நான்கு நிறத்தில் சிறு ஸ்டிக்கர் கொடுத்தேன். இது கண்ணில் படாமல் போனால் எனக்கு வருத்தமாக இருக்கும் என்று தோன்றும் பொருளில் மட்டும் ஒட்டுங்கள் என்றேன். அழகு, விலை, பழமை எதையும் பார்க்க வேண்டாம்.

மாமி எல்லாவற்றிலும் ஒட்டுவார் என்று மகன் நினைத்தார். நடந்தது வேறு. தஞ்சாவூர் ஓவியங்களில் நடுவில் இருந்த வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணர், ஊஞ்சல் பலகை, ஒரு ஜோடிக் குத்துவிளக்கு, தன் மாமியார் ஊறுகாய் போட்ட ஜாடி, கொலு பொம்மைகள். அவ்வளவுதான். பெரிய தவலைகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் கல்யாண சமையலுக்கு இருந்தது. அதைத் தூக்கித் தூக்கியே எனக்கு இடுப்பு போச்சு" என்றார். வெள்ளைச் சுவர் கேட்ட மகனோ ஒரு கூஜாவில் ஒட்டிவிட்டு, ரயிலில் கும்பகோணம் போகும்போது அதில்தான் காபி வரும் என்றார். பேத்தி செட்டியார் பொம்மையில் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டினாள்.

ஒரு ஸ்டிக்கர்கூட இல்லாத பொருட்களே பாதிக்கு மேல் இருந்தன. விற்கக் கூடாது என்ற நிபந்தனையை நான் மீறவில்லை. மாமியே ஒரு வாரம் யோசித்து, பெரிய தவலைகளையும் அண்டாக்களையும் ஊரில் உள்ள ஒரு கோயில் மடப்பள்ளிக்குக் கொடுத்துவிடலாம் என்றார். இந்த முடிவு அவரிடமிருந்தே வந்ததால் பின்னால் ஒரு மனக்கசப்பும் இல்லை. நிறைந்த பாணியில் வீட்டை அமைக்கிறவர்கள் பலர் கடைக்குப் போவதில் தொடங்குகிறார்கள். இருப்பதில் எது பேசுகிறது என்று பார்ப்பதிலிருந்து தொடங்கினால் வாங்க வேண்டியது மிகவும் குறைந்துவிடும். இந்த வீட்டுக்குப் புதிதாக வாங்கியவை துணிகளும் விளக்குகளும் ஒரு சோபாவும் மட்டுமே.

எந்தச் சுவரில் எது

தஞ்சாவூர் ஓவியம் பார்க்கத்தான் உறுதி. பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புத் தூளும் கோந்தும் குழைத்த மக்கை மேடாக வைத்து, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டி, கற்கள் பதித்துச் செய்கிறார்கள். பலகை ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். மக்கு அப்படி விரிந்து கொடுக்காது. பலகை அசைந்து மக்கு அசையாத இடத்தில் விரிசல் விழும், ரேக்கு தூக்கிக்கொள்ளும். கிருஷ்ணரின் இடது முழங்கைப் பக்கம் ஒரு நகக்கண் அளவுக்கு ஏற்கெனவே பெயர்ந்திருந்தது. அதை ஒட்டித் தரச் சொல்லி மாமி கேட்டார். அது பழுது பார்க்கத் தெரிந்த ஓவியரிடம் போக வேண்டிய வேலை என்று சொல்லி, தஞ்சாவூருக்கு அனுப்பிச் சரிசெய்து வாங்கினோம்.

மூன்று ஓவியங்களும் காய்ந்த உள்சுவருக்குப் போயின. ஃபிரேமின் பின்பக்கம் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று போக ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டோம்.

ரவிவர்மா படங்களுக்கும் அதே சுவர்தான். ரவிவர்மா தன் அச்சகத்தைத் தொடங்கியது 1894-இல், இதே பம்பாயில். பிறகு அது லோனாவ்லா பக்கம் மளவ்லிக்குப் போனது. இந்த ஊரில் தொடங்கிய அச்சு தஞ்சாவூர்ச் சீமைக்குப் போய், ஒரு வீட்டுக் கூடத்தில் தலைமுறைகள் கழித்து, மறுபடி இங்கே வந்திருக்கிறது என்பதில் எனக்கே ஒரு மகிழ்ச்சி. ஃபிரேமைப் பிரித்தபோது பின்னால் வைத்திருந்த மரப்பலகையின் ரேகைகள் அப்படியே பழுப்பாகத் தாளில் இறங்கியிருந்தன. மரத்திலுள்ள அமிலம் செய்யும் வேலை அது. பலகையை எடுத்துவிட்டு அமிலம் இல்லாத அட்டை வைத்து, தாள் கண்ணாடியைத் தொடாதபடி மவுன்ட் போட்டு, பழைய ஃபிரேமுக்குள்ளேயே திருப்பி மாட்டினோம். கறையை வெளுக்க முயற்சி செய்யவில்லை.

ஏழு படங்களையும் ஒரே சுவரில் மாட்டும் முன் தரையில் காகிதம் விரித்து வரிசை பார்த்தோம். நடுவில் கிருஷ்ணர், கண் மட்டத்தில். மற்றவை அவரைச் சுற்றி, படத்துக்குப் படம் இரண்டு அங்குல இடைவெளி. படங்கள் நெருங்கி நின்றால்தான் ஒரே தொகுப்பாகத் தெரியும். ஒரு அடி விட்டு ஒரு அடி மாட்டினால் சுவர் முழுக்கச் சிதறிக் கிடக்கும்.

மேற்குச் சுவருக்கு வருவோம். மருமகள் அங்கே பூ வேலைச் சுவர்க்காகிதம் ஒட்ட ஆசைப்பட்டார். ஒட்டினால் பசைக்குப் பின்னால் பூஞ்சை பிடித்து முதல் மழையிலேயே உரிந்து வரும். ஆயில் பெயின்டும் அக்ரிலிக் பெயின்டும் ஈரத்தை உள்ளே அடைத்து, கொப்பளித்து, பூச்சையும் சேர்த்துப் பெயர்க்கும். அதனால் பழைய பெயின்டைச் சுரண்டி, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து, சுண்ணாம்புப் பூச்சும் காவி கலந்த சுண்ணாம்பு வெள்ளையும் அடித்தோம். சுண்ணாம்பு மூச்சு விடும், உள்ளே வந்த ஈரத்தை வெளியே போக விடும். பட்டி பார்க்கவில்லை, ஆகவே சுவர் மழமழவென்று இருக்காது. அதை முன்பே சொல்லிவிட்டேன்.

அந்தச் சுவரில் என்ன மாட்டுவது? ஈரம் பட்டாலும் கெடாதவை. பீங்கான் தட்டுகள் பதினெட்டும் அங்கே போயின. எஃகுக் கம்பிப் பிடியும் துருப்பிடிக்காத திருகும் போட்டு, பெரியது நடுவிலும் சிறியது ஓரத்திலுமாக மாட்டினோம். காவிச் சுவரில் நீலமும் வெள்ளையுமாக அவை தெரிந்தபோது சுவர்க்காகிதப் பேச்சை மருமகள் அதன்பிறகு எடுக்கவில்லை.

தரையிலிருந்து எடுத்த நிறங்கள்

ஹாலில் ஒட்டியிருந்த வினைல் விரிப்பை எடுத்தபோது கீழே பழைய சிமென்ட் ஓடுகள் முழுசாக இருந்தன. மெரூன், பாட்டில் பச்சை, பழுத்த வெள்ளை மூன்றும் சேர்ந்த நட்சத்திர வடிவம். மும்பையின் அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் இப்படிப் புதையல் மறைந்திருக்கும். தரைக்காரர் ஆசிட் போட்டுக் கழுவிவிடலாம் என்றார். ஆசிட் சிமென்ட்டை அரித்து நிறத்தையும் மங்கச் செய்யும் என்பதால் தடுத்து, மெஷினில் மெல்லிய கல் போட்டு நீர் விட்டு மட்டும் மெருகேற்றச் சொன்னேன்.

அப்புறம் நிறம் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. தரையில் உள்ள மூன்று நிறங்கள், கூடவே பித்தளையின் மஞ்சள். இந்த நான்கும் ஒவ்வொரு அறையிலும் குறைந்தது மூன்று இடத்தில் திரும்பி வர வேண்டும், காவி அடித்த மேற்குச் சுவரைத் தவிர வேறெங்கும் ஐந்தாவது நிறம் ஒன்று உள்ளே வர வேண்டுமானால் கையளவுக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். செட்டிநாட்டுத் தூண் வரிசை செய்யும் வேலையை இங்கே நிறம் செய்தது.

பச்சையைச் சுவர் முழுக்க அடிக்காமல் கதவின் மேல்மட்டம் வரை, சுமார் ஏழு அடிக்கு, அடித்தோம். அதற்கு மேலும் கூரையிலும் பழுத்த வெள்ளை. உட்கார்ந்திருப்பவரின் பார்வை முழுக்க அடர்ந்த பச்சைக்குள் இருக்கும். மேலிருந்து வெளிச்சம் இறங்கிக்கொண்டே இருக்கும். 11 அடிக் கூரை இருந்ததால் இது முடிந்தது. ஒன்பதடிக் கூரை வீட்டில் இதை நான் சொல்ல மாட்டேன்.

விளக்குகளை லோஹார் சால் கடைகளில் பார்த்துப் பார்த்து வாங்கினோம். எல்லாம் 2700 கெல்வின் மஞ்சள் ஒளி, நிறத்தை உள்ளபடி காட்டும் குறியீடு 90-க்கு மேல். வெள்ளை டியூப்லைட்டில் தங்க ரேக்கு தகரம் போலத் தெரியும். படங்களுக்கு மேலிருந்து சுமார் 30 டிகிரி சாய்வில் எல்.இ.டி. விளக்கு வைத்தோம், கண்ணாடியில் கூச்சம் அடிக்காமல் இருக்க.

துணிகள்

மருமகளின் துறை துணி என்பதால் இங்கே அவர் பேச்சே முடிவு. கடைசியில் திரைச்சீலைக்குப் பெரிய கொடி ஓடும் கலம்காரி, சோபாவுக்கு மெரூன் வெற்றுத் துணி, மெத்தை உறைகளுக்குச் செட்டிநாட்டுக் கண்டாங்கிக் கட்டம், சின்னத் தலையணைகளுக்கு மதுரைச் சுங்குடிப் புள்ளி. பெரிய வடிவம், நடுத்தரம், பொடி மூன்றும் சேரும்போது ஒன்றோடொன்று மோதாது. ஒரே அளவுப் பூப் போட்ட இரண்டு துணிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால்தான் கண் குழம்பும். திரைச்சீலைக்கான அடித்துணியை மங்கள்தாஸ் மார்க்கெட்டில் எடுத்தார்.

மாமியின் கல்யாணப் பட்டுப்புடவையை வைத்து ஒரு பேச்சு நடந்தது. அதைக் கண்ணாடிக்குள் ஃபிரேம் போட்டுச் சோபாவுக்குப் பின்னால் மாட்டலாம் என்று மருமகள் சொன்னார். பட்டுக்கு வெளிச்சம் ஆகாது. மாட்டிவைத்த ஜரிகையின் கனத்தில் இழைகள் மெல்லக் கிழியும். மும்பை ஈரத்தில் கண்ணாடிக்குள் வியர்த்தால் வெள்ளி கலந்த ஜரிகை கறுக்கும். நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது மாமி உள்ளே போய் வேறு ஒரு மூட்டையைக் கொண்டுவந்தார். ஏற்கெனவே நைந்து கிழிந்த மூன்று புடவைகள். மாம்பழ மஞ்சள், அரக்கு, மயில்கழுத்து. உடல் பகுதி தொட்டாலே விண்டுபோகும் நிலையில் இருந்தது. கரை மட்டும் கட்டியாக இருந்தது. "இதை வெட்டிக்கோம்மா. அதை நான் இன்னும் ரெண்டு கல்யாணத்துக்குக் கட்டிக்கணும்" என்று மருமகளிடம் சொன்னார்.

அந்தக் கரைகள் கலம்காரித் திரையின் உள் ஓரத்தில், வெயில் படாத பக்கத்தில், பருத்தித் துணி அடி கொடுத்துத் தைக்கப்பட்டன. கல்யாணப் புடவை மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி பீரோவுக்குப் போனது.

ஊஞ்சல்

ஊஞ்சலைக் கூரையில் தொங்கவிட வேண்டும் என்பதில் வீட்டில் நால்வரும் ஒன்று. கொக்கி அடிக்க ஒருவர் தயாராகவும் இருந்தார், அரை நாள் வேலை என்றார். நான் கட்டடப் பொறியாளர் பார்க்காமல் தொடக் கூடாது என்று நிறுத்தினேன். மும்பையில் 30 ஆண்டு தாண்டிய கட்டடங்களுக்கு மாநகராட்சிச் சட்டத்தின் 353பி பிரிவின்படி உறுதித்தன்மைச் சான்று வேண்டும். சொசைட்டியிடம் பழைய அறிக்கை ஒன்று இருந்தது. பொறியாளர் அதைப் படித்துவிட்டு, சுத்தியலால் ஸ்லாப்பின் அடியை மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். ஊஞ்சல் வர வேண்டிய இடத்தில் சத்தம் வெற்றாகக் கேட்டது. உள்ளே கம்பி துருப்பிடித்து, துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் காரையைத் தள்ளி விலக்கியிருந்தது.

ஊஞ்சல் என்பது சும்மா தொங்கும் எடையும் ஆகாது. வீசி ஆடும்போது, 60 டிகிரி வரை ஏறி இறங்கினால் கீழே வரும் கணத்தில் சங்கிலி தாங்குவது எடையைப் போல் இரண்டு மடங்கு. இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் உட்காரும் பலகைக்கு அந்த ஸ்லாப் லாயக்கில்லை என்று பொறியாளர் எழுதிக் கொடுத்தார். தளர்ந்த காரையைத் தட்டி எடுத்து, துருவை நீக்கி, ஒட்டுப் போடுவது தனி வேலையாகச் சேர்ந்தது. செலவு ஏறியது, மகன் முகம் சுருங்கியது.

மாற்றாக, தரையில் நிற்கும் தேக்குச் சட்டம் ஒன்று செய்தோம். இரண்டு பக்கமும் அகன்ற கால், மேலே உத்தரம், பழைய பித்தளைச் சங்கிலி, பழைய பலகை. அது நிற்குமிடம் கீழ்மாடிச் சுவருக்கு நேர் மேலே உள்ள உத்தர வரிசை என்று பொறியாளர் குறித்துக் கொடுத்தார். கூரையில் தொங்குவதைவிட இது இடத்தை அடைக்கிறது. மாமிக்கு முதல் வாரம் மனசு ஒப்பவில்லை. "ஊஞ்சலுக்குக் கால் வெச்ச மாதிரி இருக்கு" என்றார். சட்டத்துக்கும் பலகையின் அதே எண்ணெய் மெருகைக் கொடுத்த பிறகு அந்தப் பேச்சு குறைந்தது.

துடைக்கப் போவது யார்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் மாமி. காலையில் ஒரு மணி நேரம் வரும் பாயி (வீட்டு வேலை செய்யும் பெண்ணை மும்பையில் அப்படித்தான் சொல்வார்கள்) பெருக்கித் துடைத்துப் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போய்விடுவார். மாட்டுங்காவில் ரோட்டுத் தூசியும் சமையல் பிசுக்கும் சேர்ந்து, துடைக்காமல் ஒரு வாரம் விட்டால் பித்தளையில் ஒட்டிக்கொள்ளும். அதனால் பாயியையும் உட்காரவைத்துப் பேசினோம். தரையில் நிற்கும் சின்னப் பொருட்கள்தான் தொல்லை, ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத் துடைக்க முடியாது, சுவரில் மாட்டியதைப் பற்றிக் கவலையில்லை என்றார் அவர்.

அதன்படி ஒரு ஒழுங்கு வந்தது. உள்ளங்கைக்குள் அடங்குபவை எல்லாம் ஈட்டிமர பீரோவின் கண்ணாடிக்குள். தரையில் நிற்பவை முழங்கால் உயரத்துக்கு மேல் இருந்தால் மட்டும். மேசை மேல் தட்டில் வைத்துத்தான் பொருள், தட்டோடு தூக்கித் துடைக்கலாம். வெளியே இருக்கும் பித்தளை ஒரு நேரத்தில் பத்து உருப்படி, மற்றவை லாஃப்டில் துணி சுற்றி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வது.

பித்தளைக்கு லாக்கர் என்னும் நிறமற்ற பூச்சை அடித்துவிட்டால் தேய்க்க வேண்டாம் என்று ஒரு யோசனை இருந்தது. லாக்கர் கீறிய இடத்தில் மட்டும் கறுத்துத் திட்டுத் திட்டாகத் தெரியும். மேலும், வெள்ளிக்கிழமை புளி போட்டு விளக்கு தேய்க்காமல் தனக்குப் பொழுது விடியாது என்று மாமி சொல்லிவிட்டார். சரி, விளக்குகளை அப்படியே விட்டோம்.

மகனின் வெள்ளைச் சுவருக்கும் இங்கேயே விடை கிடைத்தது. கிழக்கு ஜன்னலுக்கு முன்னால் சுமார் ஏழுக்கு ஆறு அடி இடத்தில் எதுவுமே வைப்பதில்லை. விரிப்பும் இல்லை, தரை ஓடு மட்டும் தெரியும். அந்த ஜன்னல் சுவரும் பழுத்த வெள்ளைதான், ஒரு ஆணிகூட இல்லை. அவர் நாற்காலி அதைப் பார்த்தபடி இருக்கும். நவராத்திரிக்குக் கொலுப்படி கட்ட அந்த இடம் அளவெடுத்த மாதிரி பொருந்தும் என்று பேத்திதான் அடி அளந்து சொன்னாள்.

மழையும் நவராத்திரியும்

மே கடைசியில் வேலை முடிந்தது. ஜூலையில் மேற்குச் சுவரின் அடியில் மறுபடி லேசாக உப்புப் பூத்தது. சுண்ணாம்பு கொப்பளிக்கவில்லை. வாரம் ஒருமுறை காய்ந்த பிரஷ்ஷால் தட்டினார்கள், தட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தஞ்சாவூர் ஓவியங்களில் புது விரிசல் இல்லை.

மேற்குச் சின்ன ஜன்னலின் கலம்காரித் திரையில் மட்டும் அடி ஓரத்தில் கரும்புள்ளிகள் வந்தன. சாரல் பட்டு, காயாமல், மறுபடி பட்டதன் விளைவு. திரையைக் கழற்றி உலர்த்திவிட்டு, மழை முடியும்வரை அங்கே மூங்கில் தட்டி தொங்கவிட்டார்கள். பீரோவின் வலது கதவு உப்பி மூடாமல் நின்றது. இழைக்க வேண்டாம், அக்டோபரில் தானாகச் சுருங்கும் என்று சொல்லி நிறுத்தினேன், அப்படியே சுருங்கியது.

நவராத்திரிக்குக் காலி இடத்தில் ஏழு படி கட்டினார்கள். ஹாலில் நிறம் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் பொம்மைகள் எடுபடாமல் போகுமோ என்று மருமகளுக்குக் கவலை இருந்தது. பின்னால் வெள்ளைச் சுவரும் படிக்கு வெள்ளை வேட்டியும் இருந்ததால் பொம்மைகள் தனித்துத் தெரிந்தன. சுண்டலுக்கு வந்தவர்கள் கொலுவைப் பார்த்துவிட்டுத் தட்டுச் சுவர் பக்கம் போய் நின்றார்கள்.

ஓராண்டுக்குப் பிறகு

அடுத்த ஏப்ரலில் போய்ப் பார்த்தேன். பீரோவில் பொருட்கள் கொஞ்சம் கூடியிருந்தன. வெளியே கூடவில்லை. பித்தளை மாற்றும் வழக்கம் இருமுறை நடந்து, பிறகு நின்றுவிட்டது, மாமிக்கு லாஃப்ட் ஏற யாராவது துணை வேண்டும் என்பதால். பாயியின் துடைக்கும் நேரம் பெரிதாகக் கூடவில்லை. மகன் காலி இடத்தில் தன் யோகா விரிப்பைப் போட்டிருந்தார், காலையில் விரித்து முடிந்ததும் சுருட்டி வைத்துவிடுகிறார். வெள்ளைச் சுவர் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்பதுதான் அவர் கருத்து.

செலவில் பாதிக்கு மேல் ஸ்லாப், பூச்சு, தரை மெருகு, மின்கம்பி ஆகியவற்றுக்கே போனது. இந்தப் பாணியில் வீடு கேட்டு வருபவர்களிடம் இதைத் தொடக்கத்திலேயே சொல்வது நல்லது.

அடுத்த வீட்டில் மாற்றிச் செய்யப் போவது

கடலோர ஊரில் இத்தகைய வேலைக்கு வீட்டை ஆகஸ்டில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் திட்டம் போடுவேன். ஏப்ரல் சோதனை எந்தச் சுவர் நனையும் என்று காட்டும், எந்த ஜன்னலில் சாரல் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று காட்டாது. மேற்கு ஜன்னல் திரையை முதலிலிருந்தே இரண்டு பருவத்துக்கு இரண்டாகத் தைக்கச் சொல்வேன்.

வீட்டில் துடைப்பவரோடு பேச்சு முதல் வாரத்திலேயே நடக்க வேண்டும். லாஃப்ட் ஏற முடியாதவர் இருக்கும் வீட்டில், மாற்றி மாற்றி வைக்கும் பொருட்களுக்குக் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு அலமாரி ஒதுக்குவேன். இங்கே ஊஞ்சல் சட்டத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று செய்ய இப்போது அளவு எடுத்திருக்கிறோம்.

வெளிச்சுவர் வேலையைச் சொசைட்டி இந்த ஆண்டு எடுத்திருக்கிறது. அது முடிந்ததும் மேற்குச் சுவரில் சுவர்க்காகிதம் ஒட்டலாமா என்று மருமகள் மறுபடி கேட்டார். ஒரு முழு மழைக்காலம் போகட்டும், செப்டம்பரில் அதே மூன்று இடத்தில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பார்த்து, மூன்றும் காய்ந்திருந்தால் பேசலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தட்டுகளைக் கழற்றுவதற்கு மாமி இன்னும் சம்மதிக்கவில்லை.